வசனத்தை அதன் அதிகாரத்தோடு கொடுங்கள்

சென்னையில் ஊழியம் செய்யும் ஆயர்களுக்கும் போதகர்களுக்கும், சபை நடத்தும் அம்மாமார்களுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் பெரம்பூர் பக்கம் ஒரு சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. பெண்கள் ஐக்கியத்திலும் இருக்கிறேன். இறையியல் கல்லூரி வாசலை மிதித்தவள் இல்லை. வீட்டில் வேதம் வாசிக்கிற, சபையில் நீங்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்கிற ஒரு விசுவாசி, அவ்வளவுதான். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். எங்களுக்கு ஒரு வசனத்தைக் கொடுக்கும்போது, அதை யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த நிலைமையில் சொன்னது, அதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. புது வருஷம் நெருங்குகிறது. வாக்குத்தத்த அட்டைகளுக்கு அச்சகத்தில் ஆர்டர் கொடுத்திருப்பீர்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கொரு அட்டை கையில் இருக்கும். அந்த ஒரு வரி வருஷம் முழுவதும் பீரோ கண்ணாடியிலும், ஆட்டோவின் முதுகிலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் எங்களோடு இருக்கப்போகிறது. ஜனங்கள் அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை ஐயா. அதை நம்பி மகளுக்கு வரன் பேசுகிறார்கள், கடை வைக்கக் கடன் வாங்குகிறார்கள், ஆபரேஷன் செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். இவ்வளவு பாரத்தைத் தாங்கப்போகிற வரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

யோபு 8:7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.’ எங்கள் பக்கம் விசுவாசி ஒருவர் மளிகைக்கடை திறந்தாலும் தையல் கடை திறந்தாலும் பலகையில் இந்த வசனம் இருக்கும். திறப்பு ஜெபத்துக்கு வருகிற ஊழியரும் இதைச் சொல்லித்தான் ஆசீர்வதிப்பார். ஆனால் இது கர்த்தர் கொடுத்த வாக்குத்தத்தம் இல்லை. பேசுகிறவன் பில்தாத், யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களில் ஒருவன். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார் யோபு. அந்தத் தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தார்கள், அதற்கான பலன் கிடைத்தது என்கிற விதமாக நாலாம் வசனத்தில் பேசுகிறான். அப்புறம், நீ சுத்தமும் செம்மையுமானவனாக இருந்தால் எல்லாம் நன்றாகிவிடும் என்கிறான். அந்தப் பேச்சின் நடுவில் வருவதுதான் நாம் கடைப் பலகையில் எழுதுகிற வரி.

புஸ்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தரே இந்த நண்பர்களைப்பற்றித் தீர்ப்புச் சொல்லுகிறார். எலிப்பாசைப் பார்த்து, ‘உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை’ என்கிறார். அந்த எலிப்பாஸ் பேசினதையும் நாம் விட்டுவைக்கவில்லை. ‘நீர் ஒரு காரியத்தை நிருணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்’ என்று 22ஆம் அதிகாரத்தில் சொல்வது அவன்தான். அதை வைத்து, வாயால் அறிக்கை செய்தால் வீடு கிடைக்கும், வேலை கிடைக்கும் என்று இரவு முழுவதும் ஜெபக்கூட்டம் நடக்கிறது. அதே அதிகாரத்தில், விதவைகளை வெறுமையாய் அனுப்பிவிட்டாய் என்று ஒரு குற்றமும் செய்யாத யோபுமேல் அவன் அபாண்டம் சுமத்துவதை யாரும் வாசிப்பதில்லை.

சிலர் சொல்லலாம், கடைசியில் யோபுவின் முடிவு சம்பூரணமாகத்தானே ஆயிற்று, கர்த்தர் அவருடைய பின்னிலைமையை ஆசீர்வதித்தாரே என்று. உண்மைதான். ஆனால் பில்தாத் சொன்ன காரணத்துக்காக அது நடக்கவில்லை. நல்லவனுக்கு நல்லது நடக்கும், கஷ்டப்படுகிறவன் எங்கோ தப்பு செய்திருக்கிறான் என்பதுதான் பில்தாத்தின் கணக்கு. அந்தக் கணக்கைத் தவறென்று காட்டத்தான் 42 அதிகாரங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. யோபுவின் புஸ்தகத்திலிருந்து ஆறுதல் சொல்ல வேண்டுமானால், ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’ என்று சாம்பலில் உட்கார்ந்துகொண்டு யோபுவே சொன்னது 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே. நட்டத்தில் கடையை மூடப்போகிறவருக்கும் அதைச் சொல்லலாம். பில்தாத்தின் வரியை அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால், முடிவு சம்பூரணமாகாமல் போனதற்கு நீதான் காரணம் என்று அவரைக் குற்றப்படுத்தியதாகிவிடும்.

எங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனங்களில் இது ஒரு வருஷம் வந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “அக்கா, இதைச் சொன்னவர் நல்லவரா கெட்டவரா?” என்று கேட்டான். அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு யோபுவின் கதையை முழுவதும் சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். அதன் பிறகு எந்த வசனம் கொடுத்தாலும் ‘யார் சொன்னது, யாருக்குச் சொன்னது’ என்று அவர்களே கேட்கிறார்கள். பெரியவர்கள் ஏன் கேட்பதில்லை? கேட்டால் விசுவாசக் குறைவு என்று நினைப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நீங்கள்தான் போக்க முடியும்.

எரேமியா 29:11 இல்லாத புது வருஷமே கிடையாது. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்கிற வசனம். எனக்கும் மிகவும் பிடித்த வசனம். அதனாலேயே அது பாதியாகக் கொடுக்கப்படும்போது மனசு வலிக்கிறது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். அங்கே ஊரிழந்து கிடந்தவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பின கடிதம்தான் 29ஆம் அதிகாரம். அதை வாசிப்பதற்கு முன்னால் 28ஆம் அதிகாரத்தை வாசிக்க வேண்டும். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லா ஜனங்களுக்கு முன்பாகவும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், கர்த்தர் சொல்லுகிறார் என்கிறான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! எரேமியாகூட முதலில், ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றுதான் சொன்னார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. ஜனங்களைப் பொய்யை நம்பவைத்தாய் என்று அவனிடம் சொல்லும்படி எரேமியாவை அனுப்பினார். அதே வருஷம் ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோனான்.

இதற்கு அடுத்த அதிகாரத்தில் வருவதுதான் அந்தக் கடிதம். அதில், எழுபது வருஷம் முடிந்தபின்பு உங்களைச் சந்திப்பேன் என்று பத்தாம் வசனம் சொல்லுகிறது. அதை ஒட்டி வருவதுதான் நம்முடைய 29:11. எழுபது வருஷம் ஐயா! அந்தக் கடிதத்தைக் காதால் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் ஊர் திரும்பப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் திரும்புவார்கள். அதுவரைக்கும் என்ன செய்வது? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள், ‘அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்’ என்று கடிதம் சொல்லுகிறது.

இந்த அதிகாரம் சென்னைக்கென்றே எழுதினதுபோல் எனக்குத் தோன்றும். நம் சபைகளில் பாதிப்பேர் திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பிழைப்புக்காக வந்த குடும்பங்கள். 1955இல் பெரம்பூரில் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்தபின் அயனாவரத்திலும் வில்லிவாக்கத்திலும் வாடகைக்கு வீடு பிடித்து, அப்புறம் மனை வாங்கி, ஜெபவீடு கட்டி, இந்த ஊரைத் தங்கள் ஊராக்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு, இந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று யாராவது பிரசங்கம் செய்தார்களா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டு, சாதி மதம் பார்க்காமல் சோறு போட்ட சபைகள் ஏழாம் வசனத்தின்படி நடந்தன. அவர்கள் கையில் இருந்த அட்டையில் பதினோராம் வசனம் மட்டும்தான் இருந்திருக்கும். இந்த வருஷமே உனக்கு எல்லாம் நடக்கும் என்று அந்த வசனத்தை வைத்துச் சொல்லும்போது, எரேமியாவின் வார்த்தையை எடுத்து அனனியாவின் செய்தியைச் சொல்கிறோம். இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வசன எண்களுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. பவுலோ எரேமியாவோ எண் போட்டு எழுதவில்லை. இப்போதிருக்கிற அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகக்காரர், 1551இல். தேடி எடுக்க வசதியாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவரை ஆயிரத்தைந்நூறு வருஷம் சபை எண்கள் இல்லாமலே வாசித்தது. கொலோசெயருக்கு எழுதின நிருபத்தை உங்களிடத்தில் வாசித்தபின்பு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று பவுல் சொல்லும்போது, முழுக் கடிதத்தையும்தான் சொன்னார். பிலிப்பியரை உட்கார்ந்து வாசித்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படி வாசித்தால், ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்று எழுதினவர் சிறையில் இருக்கிறார் என்பதும், பட்டினியாக இருக்கவும் குறைவுபடவும் தனக்குத் தெரியும் என்று அதற்கு முந்தின வரியில் சொல்கிறார் என்பதும் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். நீட் தேர்வுக்குப் போகிற பிள்ளையின் ஹால் டிக்கெட்டில் அந்த வசனத்தை எழுதிக் கொடுக்கிறோம். எழுதட்டும். ஆனால் ரேங்க் கிடைக்காமல் போனாலும் கிறிஸ்து பெலப்படுத்துவார் என்பதுதான் அந்த வசனத்தின் செய்தி என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

2020இலும் 2021இலும் கொரோனா காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சங்கீதம் 91 ஒட்டியிருந்தது. ‘வாதை உன் கூடாரத்தை அணுகாது.’ அணுகியது. அந்த வசனத்தை ஒட்டின வீடுகளிலிருந்தும் ஆம்புலன்ஸ் போனது. ஜெபித்த ஊழியர்களும் இறந்தார்கள். அப்போது அந்தக் குடும்பங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் சிலர் சபைக்குத் திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதே சங்கீதத்தின் பதினைந்தாம் வசனம், ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து’ என்கிறது. ஆபத்து வரும் என்று அந்தச் சங்கீதத்துக்கே தெரிந்திருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பிசாசு இயேசுவை ஆலயத்தின் உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதி என்று சொல்லும்போது எடுத்துக்காட்டுவது இந்தச் சங்கீதத்தைத்தான். பிசாசு தவறான வசனத்தைச் சொல்லவில்லை, எழுதியிருக்கிறதைத்தான் சொன்னான். ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே’ என்று உபாகமத்திலிருந்து பதில் கொடுத்தார் இயேசு. வேதத்தை வேதத்தோடு வைத்து வாசிக்க வேண்டும் என்று நம் ஆண்டவரே வனாந்தரத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்தைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. எங்கள் ஐக்கியத்தில் ஓர் அக்காவுக்குச் சர்க்கரை நோய். ஒரு கூட்டத்தில், ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’ என்று எழுதியிருக்கும்போது மாத்திரை எதற்கு என்று பேசக் கேட்டுவிட்டு வந்து மாத்திரையை நிறுத்தினார். காலில் சின்னப் புண் வந்தது, ஆறவில்லை. கடைசியில் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்க வந்தவர்களில் சிலர், உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பில்தாத் யோபுவிடம் பேசினதும் இதையேதான்.

ஏசாயா 53ஐ முழுவதும் வாசித்தால், நம்முடைய மீறுதல்களும் அக்கிரமங்களும் அந்த ஊழியர்மேல் விழுந்தன என்பதே திரும்பத்திரும்ப வருகிறது. பேதுரு தன் முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இந்த வரியை எடுத்துச் சொல்லும்போது யாரிடம் சொல்லுகிறார் என்று பாருங்கள். வேலைக்காரர்களிடம், அதாவது முரட்டு எஜமான்களிடம் அநியாயமாக அடிவாங்குகிறவர்களிடம். முதுகில் தழும்புள்ளவர்களிடம் போய், உங்களுக்காக ஒருவர் தழும்பேற்றார் என்கிறார். அந்த இடத்தில் இந்த வசனம் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது! உடல் சுகமும் கர்த்தர் தருவதுதான், நான் மறுக்கவில்லை. மத்தேயு 8இல் பேதுருவின் மாமி குணமானதையும் மற்றவர்கள் குணமானதையும் சொல்லிவிட்டு ஏசாயா 53இன் நாலாம் வசனத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார் மத்தேயு. வியாதியஸ்தருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று யாக்கோபு சொல்லுகிறார், ஜெபியுங்கள். ஆனால் துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதியிருக்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு என்ன சாப்பிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். தன் மாம்சத்தில் முள்ளாக இருந்த உபத்திரவத்தை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும், ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்தது. அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். இந்த வேதத்தை வாசித்தவர்கள்தான் இராயபுரத்தில் ரெய்னி ஆஸ்பத்திரியையும், வேலூரில் சிஎம்சியையும் கட்டினார்கள். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவர் அவர்களைவிட அதிக விசுவாசமுள்ளவர் என்று என்னால் நம்ப முடியாது.

தசமபாகத்தைப்பற்றி, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பதைப்பற்றி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்கியா 3:10ஐ வருஷத்தில் பலமுறை கேட்கிறோம். அதற்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் கர்த்தர் விரோதமாக வருவார் என்று இருக்கிறது. இரண்டாம் அதிகாரம், ஆசாரியர்களே, இந்தக் கட்டளை உங்களுக்குரியது என்றுதான் தொடங்குகிறது. உபாகமம் 14இன்படி மூன்றாம் வருஷத் தசமபாகம் லேவியனுக்கு மட்டுமல்ல, பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் சேர்ந்தது, அவர்கள் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். காணிக்கை கொடுக்க நாங்கள் தயங்கவில்லை. முழுவதையும் வாசித்துவிட்டுக் கேளுங்கள், இன்னும் மனதாரக் கொடுப்போம்.

கணக்கு கேட்கிறவர்களிடம், ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே’ என்று சங்கீதம் 105ஐச் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தச் சங்கீதம் பேசுவது, கொஞ்சப்பேராய், பரதேசிகளாய் ஊர் ஊராகத் திரிந்த ஆபிரகாமின் குடும்பத்தை ராஜாக்கள் ஒடுக்கக்கூடாது என்று. பலவீனருக்காகச் சொன்னதைப் பலவான் கையில் எடுக்கக்கூடாது. அபிஷேகம்பண்ணப்பட்ட தாவீது ராஜாவிடமே நாத்தான் தீர்க்கதரிசி நேருக்கு நேராக, நீயே அந்த மனுஷன் என்று சொன்னார். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். சபை அதனால் உடைந்துபோகவில்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். பரிசுத்த ஆவியானவர் ஒருவருக்கு ஒரு வரியை எடுத்துப் பேச மாட்டாரா என்பீர்கள். பேசுவார். என் வாழ்க்கையிலும் பேசியிருக்கிறார். அது அந்த மனுஷருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடப்பது. அதையே மைக்கில் எல்லாருக்கும் பொதுவான வாக்குறுதியாக அறிவிக்கும்போது, அந்த வசனத்தின் சொந்த இடத்தைக் காட்டாமல் இருக்கக் கூடாது. இறையியல் படித்த ஆயர் ஒருவர், மத்தேயுவே ஓசியாவின் வரியை வேறு அர்த்தத்தில் எடுத்துப் பேசவில்லையா என்று கேட்கலாம். ‘எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்’ என்று ஓசியா சொன்னது இஸ்ரவேல் ஜனத்தைப்பற்றி, மத்தேயு சொல்வது குழந்தை இயேசுவைப்பற்றி. நியாயமான கேள்விதான். ஆனால் மத்தேயு இஸ்ரவேலின் முழுக் கதையையும் தெரிந்துகொண்டு, அந்தக் கதை இயேசுவில் திரும்ப நடக்கிறது என்று காட்டுகிறார். எகிப்து, தண்ணீர், வனாந்தரத்தில் சோதனை, மலை என்று வரிசையாக வருகிறது. ஓசியாவை வாசித்திருக்கிறவருக்குத்தான் மத்தேயு சொல்வதன் அழகே தெரியும்.

ஜனங்கள் எளியவர்கள், அவர்களுக்கு இவ்வளவு வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் பாட்டிமார்கள் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல்வரை வாசித்து முடித்தவர்கள். மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ராத்திரி பத்து மணிவரை உட்காருகிற ஜனங்கள் இவர்கள். ஒரு அதிகாரத்தை விளக்கமாகச் சொன்னால் எழுந்து போய்விடுவார்களா? இந்த ஜனங்களுக்குப் புரியவேண்டும் என்றுதானே சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715இல் முடித்தார்? பப்ரிஷியஸ் ஐயர் நம்முடைய வேப்பேரியில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து அதைச் செப்பனிட்டு 1772இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். கத்தோலிக்கரும் நம்மவரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. அதில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை இருக்கிறது, யார் யாருக்கு எழுதியது என்று நாலு பத்தியில் தெரிந்துகொள்ளலாம். உங்களில் பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்தவர்கள் எபிரேயமும் கிரேக்கமும் படித்திருக்கிறீர்கள். நூலின் பின்னணி, எழுதப்பட்ட காலம், இலக்கிய வகை என்று பரீட்சை எழுதித் தேறியிருக்கிறீர்கள். அதையெல்லாம் பிரசங்க பீடத்தில் ஏறும்போது ஏன் கீழே வைத்துவிட்டுப் போகிறீர்கள்? கல்லூரிக்குப் போகாமல் ஊழியத்துக்கு வந்த போதகர்களுக்கும் இது எட்டாத காரியம் இல்லை. பேசுகிறவன் பில்தாத் என்று அறிய எபிரேயம் வேண்டாம், எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் தமிழிலேயே இருக்கிறது.

சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்கள் தண்ணீர் வாசலுக்கு முன்னால் கூடினபோது எஸ்றா காலையிலிருந்து மத்தியானம்வரை வாசித்தார். லேவியர்கள் ‘அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள்’ என்று நெகேமியா 8 சொல்லுகிறது. ஜனங்கள் அழுதார்கள், அப்புறம், தங்களுக்குச் சொன்ன வார்த்தைகள் விளங்கியதால் சாப்பிட்டுச் சந்தோஷப்பட்டார்கள். அந்த லேவியரின் வேலைதான் உங்களுடையது. காசாவுக்குப் போகிற வழியில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா 53ஐ வாசித்துக்கொண்டிருந்தார். பிலிப்பு ஓடிப்போய், வாசிக்கிறதன் கருத்து தெரியுமா என்று கேட்டார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்றார் அந்த மந்திரி. தீர்க்கதரிசி தன்னைக்குறித்துச் சொல்லுகிறாரா வேறொருவரைக்குறித்தா என்றும் கேட்டார். யார், யாரைப்பற்றி என்று எங்கள் ஞாயிறு பள்ளிப் பையன் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். பிலிப்பு கோபப்படவில்லை. ரதத்தில் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வேதவாக்கியத்திலிருந்தே ஆரம்பித்தார்.

அட்டைகளை நிறுத்தச் சொல்லவில்லை. முன்பக்கம் வசனம் போட்டால், பின்பக்கம் அது யார் யாருக்குச் சொன்னது என்று நாலு வரி போடுங்கள், முழு அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். ஜனவரி முதல் ஞாயிறு அந்த அதிகாரத்தையே எடுத்துப் பிரசங்கம் செய்யுங்கள். எந்த வசனத்தையும் சொல்லி ஒருவருடைய மருந்தை நிறுத்தாதீர்கள். மரண வீட்டில் வசனம் சொல்லத் தோன்றினால், யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் செய்ததில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

வாரத்தில் ஒரு நாள், புதனோ வெள்ளியோ, வேதபாடம் வையுங்கள். ஒரு புஸ்தகத்தை எடுத்து முதல் அதிகாரத்திலிருந்து கடைசி அதிகாரம்வரை போவோம். பாடம் முடிந்ததும் அரைமணி நேரம் கேள்விக்கு விடுங்கள். பெண்களும் வாலிபரும் கேட்கட்டும். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், எங்கள் கண்ணில் நீங்கள் குறைந்துபோக மாட்டீர்கள். கீழ்ப்பாக்கம் குருகுல் போன்ற கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களை மாதம் ஒரு முறை ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்க அழையுங்கள். எங்கள் சபையில் முதல் வகுப்புக்கு இடமும் நாற்காலியும் பெண்கள் ஐக்கியம் பார்த்துக்கொள்ளும், டீயும் நாங்களே போடுகிறோம். யோபுவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பது என் ஆசை. வேறு புஸ்தகம் வேண்டுமென்றாலும் சரி, தேதியை மட்டும் சொல்லுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை
பெரம்பூர், சென்னை